ஒன்பதடிக் கம்புக்கு எங்கட ஓடை போதாது

ஃபிளை றொட் வாங்கப் போறம் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "முதல் றொட் எண்டால் ஒன்பதடி, அஞ்சு வெயிட்." யூடியூப்பிலும் அதே பேச்சு, விற்கிறவரின் வாயிலும் அதே பேச்சு. நாங்களும் நம்பினோம். நாலு பேர் ஆறு மாதம் காசு சேர்த்து, பாவித்த றொட் ஒன்றை வாங்கினோம். மலைநாட்டு ஓடைகளுக்கு, அதுவும் பையை முதுகில் போட்டுக்கொண்டு நடந்து போகிறவர்களுக்கு, அந்த ஆலோசனை பிழை. இது பட்டுத் தெரிந்துகொண்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை தூண்டிலில் முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி. அதற்குப் பாரமே இல்லை. ஆகவே லைனையே தடிப்பாக, பாரமாகச் செய்கிறார்கள். லைன் பின்னுக்குப் போய் றொட்டை வளைக்கும், றொட் நிமிரும்போது லைன் முன்னுக்குப் பாயும், பூச்சி அதன் வாலில் தொங்கிக்கொண்டு போகும். "அஞ்சு வெயிட்" என்பது றொட்டின் நிறையே இல்லை. அது எந்த லைனுக்குச் செய்த றொட் என்பதைச் சொல்லுகிற இலக்கம். இது விளங்கவே எங்களுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

இங்கே இந்த விளையாட்டு வந்தது ட்ரவுட் மீனோடு. 1880களில் பிரிட்டிஷ்காரர் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஆறுகளில் பொரிக்க வைத்தார்கள். தோட்டத்துத் துரைமாரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு அது. ஓடை ஓடுவது லயத்துக்குப் பின்னால், ஆனால் அதில் இருப்பது துரையின் மீன். எங்களில் ஒருத்தர் வளர்ந்தது அப்படியொரு லயத்தில். அவருடைய தாத்தா இன்றைக்கும் ட்ரவுட்டை "தொர மீனு" என்றுதான் சொல்கிறார்.

அந்தத் தாத்தாவின் தோட்டத்து ஓடைக்குத்தான் முதலில் போனோம், தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டுதான். ஓடையின் பெயரை எழுத மாட்டோம். பத்துப் பேர் ஒரே கிழமையில் போனால் தாங்காத அளவு சின்னது. பல இடத்தில் ஒரு பாய்ச்சலில் தாண்டலாம். மேலே கொய்யாவும் காட்டுச்செடியும் கவிந்து குகை மாதிரி இருக்கும். ஒன்பதடிக் கம்பை நிமிர்த்தினால் நுனி கிளைக்குள், பின்னுக்கு வீசினால் லைன் தேயிலைக்குள். மீனைத் தேடியதை விட மரத்தில் ஏறிப் பூச்சியைக் கழற்றிய நேரம்தான் கூட. தாத்தா கரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கம்பு நல்ல கம்புதான். ஆனா இந்த ஆத்துக்குப் பெருசுப்பா."

நீளம் ஒரு பிரச்சினை. அதை விடப் பெரியது கண்ணுக்குத் தெரியாதது. லைனின் இலக்கத்தைத் தீர்மானிப்பது அதன் முதல் 30 அடியின் நிறை. அஞ்சு வெயிட் லைனில் அந்த 30 அடி கிட்டத்தட்ட 9 கிராம், மூன்று வெயிட்டில் 6.5 கிராம். றொட் சரியாக வளைய அந்தப் பாரம் வெளியே இருக்க வேணும். ஓடையிலோ நாங்கள் வீசுவது மொத்தமே பதினைந்து, இருபது அடி. அதிலும் நுனியில் ஏழெட்டு அடி மெல்லிய நரம்பு. அப்போ உண்மையான லைன் வெளியே வருவது பத்தடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ, மூன்று கிராம் அளவில். ஒன்பது கிராமுக்குச் செய்த விறைத்த காபன் கம்பை மூன்று கிராம் எப்படி வளைக்கும்? வளையாத கம்பு வெறும் தடி. "உங்களுக்கு வீசத் தெரியேல்ல" என்று சொன்னார்கள். தெரியாதுதான். ஆனால் தெரிந்தவர்களும் அந்த இடத்தில் திணறத்தான் செய்வார்கள்.

அதனால் எங்கட தெரிவு: ஏழு அல்லது ஏழரை அடி, மூன்று வெயிட், மெதுவாக அடிவரை வளைகிற றொட். பைபர்கிளாஸ் என்றால் இன்னும் நல்லம். காபன் வந்த பிறகு பைபர்கிளாஸைப் பழசு என்று ஒதுக்கினார்கள். தூர வீச்சுக்கு அது சரிதான். பத்தடி லைனுக்கே வளைந்து கொடுப்பது பைபர்கிளாஸ்தான், அதோடு கல்லில் இடித்தாலும் காபனைப் போல சட்டென்று முறியாது. கையில் காபன் றொட்தான் இருக்கிறது என்றால் ஒரு இலக்கம் கூடின லைனைப் போட்டுப் பாருங்கள். மூன்று வெயிட் றொட்டில் நாலு வெயிட் லைன். கிட்ட வீச அது உதவும்.

இனி "லைட் வெயிட்" என்று விளம்பரம் பண்ணுகிற கதை. ஒன்பதடி அஞ்சு வெயிட் காபன் றொட் 80 முதல் 100 கிராம் வரை வரும். சின்ன மூன்று வெயிட் 60, 70 என்று வரும். வித்தியாசம் ஒரு கோழி முட்டையின் நிறை கூட இல்லை. அந்த முட்டைக்காகக் காசை இரட்டிப்பாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெரிய கம்பனிகளின் மேல்தர றொட் 1000 அமெரிக்க டொலரைத் தாண்டும். றொட்டோடு வருகிற அலுமினியக் குழாய் பலநேரம் றொட்டை விடப் பாரம், அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை. நாங்கள் குழாயை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய பீ.வீ.சி. குழாய் வெட்டிக்கொண்டோம்.

நடக்கிறவன் பார்க்க வேண்டியது கிராமை அல்ல, மடித்தால் எவ்வளவு நீளம் என்பதைத்தான். எங்கட முதல் றொட் இரண்டு துண்டு. மடித்தாலும் நாலரை அடி. பதுளை ரயிலில் மடியில் வைத்தபடி வந்து சேர்த்தோம், தோட்டத்து பஸ் கதவில் நுனித்துண்டு சரி. ஏழரை அடி றொட் நாலு துண்டாக வந்தால் இரண்டடி. ஆறு துண்டு என்றால் ஒன்றரை அடிக்குள், பைக்குள்ளேயே போய்விடும். மூட்டுக் கூடினால் வளைவு கெட்டுப்போகும் என்பார்கள். இருபது அடி வீச்சில் எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மூட்டு இளகுகிறதா என்று அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா பார்க்க வேணும், அது உண்மை.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டமாகப் போகிற பெக்கோ ட்ரெய்லில் நடக்கிற ஆட்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல். தேயிலைக்குள்ளால் எத்தனை ஓடை! எல்லாவற்றிலும் ட்ரவுட் இல்லை, குளிர்ந்த தண்ணி வேணும். எல்லாவற்றிலும் தூண்டில் போடவும் ஏலாது. ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே தூண்டிலை விரிக்கிற யோசனையே வேண்டாம். அங்கே இந்த நாட்டுக்கே உரிய சின்ன இறால் ஒன்று வாழ்கிறது, வந்தேறிய ட்ரவுட் அதைத் தின்கிறது என்பது சூழலியலாளரின் கவலை. ட்ரவுட்டைப் புனிதப்படுத்துகிற துரைமார் மனநிலையை நாங்களும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. கீழ் ஓடைகளில் சுதேச மீன் அகப்பட்டால் ஈரக்கையால் பிடித்து விட்டுவிட வேணும். முள்ளின் கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் போனால் கழற்றுவது சுகம்.

"அப்ப ஜப்பான்காரரின் தென்காரா எடுக்கலாமே, றீலும் தேவையில்லை" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதினோரு பன்னிரண்டு அடிக் கம்பு, ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒன்றரை அடி சொச்சம், நுனியில் கட்டிய ஒரே லைன். விலையும் குறைவு. வெளியான ஓடை, காசு இல்லை என்றால் அதையே எடுங்கள், எங்களுக்குச் சண்டையில்லை. குகை மாதிரி ஓடைக்குள் மட்டும் பன்னிரண்டடி உதவாது. தாத்தா அதைப் பார்த்ததும் சிரித்தார். சின்ன வயதில் கங்காணிக்குத் தெரியாமல் மூங்கில் நுனியில் நூல் கட்டிப் பிடித்ததும் இதே வேலைதானாம், விலைதான் வேறு.

போன முறை ஏழடி பைபர்கிளாஸைக் கொண்டுபோனோம். கிளைக்குக் கீழே, பூச்சியை விரலில் பிடித்துக் கம்பை வில்லாக வளைத்து விட்டால் பத்தடி போகும். தாத்தாவின் பேத்திக்கு இரண்டாம் நாளே கை பழகிவிட்டது. உள்ளங்கையளவு ட்ரவுட் ஒன்றை அவள்தான் எடுத்தாள். நாங்கள் எடுத்தது சளி.

எங்கட அறையில் இப்போது இரண்டு றொட் இருக்கிறது. அந்த ஏழடியும், நுனி மாற்றிய பழைய ஒன்பதடியும். மலைக்குப் போகிற யாரும் இரவல் எடுக்கலாம். ஒன்பதடியை ஒருத்தரும் கேட்கிறதில்லை.