குடை போய் அரிவாள் வந்த கதை

சாமியை எடுத்துவிட்டால் பண்டிகை ஏது, பாட்டு ஏது, ஆட்டம் ஏது என்று கேட்கிற பெரியவர்களுக்குச் சீன தேசத்து நாற்றுப்பாட்டின் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

நாற்றுப்பாட்டு என்பது "யாங்கே" என்கிற சீனச் சொல்லின் அர்த்தம். வட சீனக் கிராமங்களில் சந்திரக் கணக்கில் வருஷம் பிறந்ததிலிருந்து பதினைந்தாம் நாள் விளக்குப் பண்டிகை வரையில், வயலில் வேலையில்லாத குளிர் காலத்தில், குடியானவர்கள் இடுப்பில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, முரசும் தாளமும் நமது நாயனம் போன்ற சுவோனாக் குழலும் முழங்கத் தெருத்தெருவாய் ஆடிப் பாடி வருவார்கள். வருஷமெல்லாம் மண்ணில் உழன்றவன் பதினைந்து நாள் ஆடுவதில் நமக்கு என்ன ஆட்சேபணை? ஒன்றுமில்லை.

ஆனால் ஆட்டக்காரர்கள் முதலில் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டாக வேண்டும். வட ஷென்சிப் பக்கத்தில் முன்னால் ஆடுகிறவன் கையில் ஒரு குடை இருக்கும். எதற்கென்றால், காலத்தில் மழை பெய்வதற்காம்! சரி, பெய்ததா? 1928 முதல் 1930 வரையில் அதே ஷென்சி மாகாணத்தில் வானம் பொய்த்துப் பஞ்சம் வந்து, லக்ஷக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அவர்கள் குடை பிடிக்காத பாவிகளா?

1942-இல் யெனான் நகரில் மாசேதுங் கலையைப் பற்றிப் பேசிய பிறகு, 1943 புத்தாண்டுக்கு லூசுன் கலைக் கழகத்தார் இந்த ஆட்டத்தைக் கையில் எடுத்தார்கள். கோவில் கும்பிடு போயிற்று. குடை போய் அரிவாளும் சுத்தியலும் வந்தன. ஆண்பிள்ளை சேலை உடுத்திப் பெண்ணாய்க் குலுக்கிய இடத்தில் பெண்களே வந்து ஆடினார்கள். அண்ணனும் தங்கையும் தரிசைக் கொத்துகிற ஒரு சிறு நாடகம் போட்டார்கள். தங்கை சோறு கொண்டு வருகிறாள், அண்ணன் வேண்டுமென்றே தூங்குவதுபோல் பாசாங்கு செய்து அவளிடம் திட்டு வாங்குகிறான். ஜனங்கள் திரள் திரளாய் வந்து பார்த்தார்கள். சாமி இல்லாததால் ஒருவர்கூடச் சிரிப்பை மறந்துவிடவில்லை.

நிற்க. இதோடு முடித்துக்கொண்டால் நாம் யோக்கியர்களாக மாட்டோம். அந்த நாடகத்தில் முதலில் புருஷனும் பெண்சாதியுமாகத்தான் இருந்தார்களாம். பழைய ஆட்டத்தின் சரசம் ஒட்டிக்கொள்ளுமென்று அண்ணன் தங்கையாக்கி விட்டார்கள். குடியானவன் தன் வாய்க்கு வந்தபடி கேலி பேசிய இடத்தில், கக்ஷி சொன்னதைப் பாட வேண்டியதாயிற்று. அதே வட ஷென்சியின் நாட்டுப்பாட்டு மெட்டில்தான் மாசேதுங்கைச் சூரியனுக்கு ஒப்பிடும் பாட்டும் கட்டப்பட்டது. மழைக்குச் சாமியில்லை என்று சொன்ன வாயால் ஒரு மனிதனைச் சூரியன் என்று பாடுவதற்கு என்ன பகுத்தறிவு வேண்டும்? காலி செய்த பீடத்தை உடைத்தெறியாமல் வைத்திருந்தால் வேறொருவர் ஏறி உட்காரத்தானே செய்வார்!

இன்று வட ஷென்சியில் குடையும் திரும்பி வந்துவிட்டது. குடைக்காரன் வீட்டு வாசல்தோறும் நின்று அங்கேயே பாட்டுக் கட்டி வாழ்த்துகிறான். 2006-இல் சீன சர்க்கார் இந்த ஆட்டத்தைத் தேசத்தின் கலைச் சொத்துப் பட்டியலில் சேர்த்தார்கள்.

நமக்குப் பிடித்தது பெய்ஜிங் நகரத்துச் சங்கதிதான். அங்கே 1990-களில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவிகள் சாயங்காலமானால் விசிறியும் கையுமாய்ப் பாலத்தடியிலும் மைதானத்திலும் கூடி யாங்கே ஆடத் தொடங்கினார்கள். புத்தாண்டும் வேண்டாம், கோவிலும் வேண்டாம், கக்ஷியும் வேண்டாம். ஏன் ஆடுகிறீர்கள் என்றால் உடம்புக்கு நல்லது, நாலு பேரோடு பொழுது போகிறது என்கிறார்கள். முரசுச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதென்று அக்கம்பக்கத்தார் மட்டும் புகார் செய்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது.