கொடிவழியின் முதல் பெயர்

டக்ளஸ் குடும்பத்தின் வரலாற்றையும் ஆவணங்களையும் வில்லியம் ஃப்ரேசர் 1885இல் நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். இவ்வளவு குவிந்த பிறகும், ஸ்காட்லாந்தையே ஆட்டிப்படைத்த அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது. நம் இதழுக்கு வரும் கொடிவழிக் கட்டுரைகள் பலவும் அதைத் தீர்த்துவைத்துவிட்டே தொடங்குகின்றன. உச்சியில் தியோபால்ட் என்ற ஃபிளெமிஷ்காரர், அல்லது மரே நாட்டு ஃப்ரெஸ்கின்; அங்கிருந்து கீழே ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டை வரைய நமக்கு உரிமை இல்லை.

கையில் இருப்பது இவ்வளவுதான். கிளாஸ்கோ ஆயர் ஜோஸ்லின் கெல்சோ மடத்துத் துறவிகளுக்கு வழங்கிய சாசனம் ஒன்றில் வில்லியம் டி டக்ளஸ் சாட்சியாக நிற்கிறார். சாசனத்தில் ஆண்டு இல்லை. ஜோஸ்லின் ஆயராக இருந்த காலத்தை வைத்து 1175க்கும் 1199க்கும் இடைப்பட்டது என்கிறோம். வில்லியமின் தந்தை பெயர் அதில் கிடையாது. லானர்க்‌ஷயரில் ஓடும் டக்ளஸ் ஆற்றின் பெயரே அவருக்கு அடையாளம்.

தியோபால்ட் கதை 1807இல் ஜார்ஜ் சால்மர்ஸ் எழுதிய ‘கலிடோனியா’ வழியாகப் பரவியது. கெல்சோ மடாதிபதி ஆர்னால்ட், 1147க்கும் 1160க்கும் இடையே, டக்ளஸ் ஆற்றோரம் தியோபால்டுக்கு நிலம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த நிலம் பழைய டக்ளஸ் பண்ணையின் பகுதி அல்ல; வில்லியம் அவர் மகன் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. ஒரே ஆற்றங்கரையில் இருவர் இருந்ததால் தந்தையும் மகனும் ஆகிவிட மாட்டார்கள்.

மரே உறவு இப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. இரு குடும்பங்களின் கேடயத்திலும் விண்மீன்கள் உள்ளன. (டக்ளஸ் கேடயத்தில் உள்ள இதயம் பின்னால் வந்தது; ராபர்ட் புரூஸின் இதயத்தைச் சுமந்து சென்ற ஜேம்ஸ் டக்ளஸ் 1330இல் ஸ்பெயினில் மாண்ட நினைவு அது.) வில்லியமின் மகனாகக் கருதப்படும் பிரிசியஸ், லெஸ்மஹேகோ மடத்துத் தலைவராக இருந்து 1203இல் மரேயின் ஆயரானார். சகோதரர்களும் அவரைத் தொடர்ந்து வடக்கே போனார்கள். அவர் வழங்கிய சாசனங்களின் சாட்சிப் பட்டியலில் அவர்களைப் பார்க்கிறோம். ஒருவர் பெயரே ஃப்ரெஸ்கின். கெர்டலைச் சேர்ந்த இன்னொரு ஃப்ரெஸ்கினைப் பிரிசியஸ் தன் தாய்மாமன் என்றே குறிப்பிடுகிறார்.

இங்கேதான் நிதானம் வேண்டும். தாய்மாமன் என்றால் மரே இரத்தம் தாய்வழி வந்தது. தந்தைவழிக் கோட்டுக்கு அது சான்றாகாது. அக்கால எழுத்தர்கள் தாய்மாமனைக் குறிக்கும் லத்தீன் உறவுச்சொல்லைச் சில வேளை தளர்வாகக் கையாண்டதும் உண்டு. அதனால் தந்தைவழி என்ற வாதமும் முற்றாக அடைபடவில்லை. கேடயச் சின்னங்களோ, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கமாக வேரூன்றத் தொடங்கியதே 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். மனைவி வழியிலும் சின்னம் வந்திருக்கலாம்.

ஏறத்தாழ 1420இல் எழுதிய ஆண்ட்ரூ ஆஃப் விண்டூன் இதே விண்மீன்களையும் இதே பெயர்களையும் பார்த்தார். உறவு இருக்கலாம் என்றார். பலர் பலவிதமாகச் சொல்வதால் வரலாறாக எழுத இயலாது என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டு. 1644இல் அச்சேறிய டேவிட் ஹ்யூமின் குடும்ப வரலாறோ, 8ஆம் நூற்றாண்டுப் போர்க்களத்தில் ஷோல்டோ என்ற வீரனை நிறுத்தி அவனிடமிருந்து குலத்தைத் தொடங்கியது. இன்றும் அந்த ஷோல்டோ கொடிவழிகளில் உயிரோடு இருக்கிறார்.

மரபணுச் சோதனை முடிவுகளை இணைத்து அனுப்புவோருக்கும் ஒரு சொல். இன்று வாழும் இரு ஆண்களுக்குப் பொதுவான தந்தைவழி முன்னோர் உண்டா என்பதை ஒய் குரோமோசோம் காட்டும். அந்த முன்னோர் 12ஆம் நூற்றாண்டின் இன்ன சாட்சிதான் என்று அது பெயர் சொல்லாது.

ஆகவே இனி இவ்விதழில் வரும் டக்ளஸ் கொடிவழிகள் வில்லியமிலிருந்தே தொடங்கும். மரே உறவைப் புள்ளிக்கோட்டால் காட்டலாம். எந்தச் சாசனம், எந்த உறவுச்சொல், அதற்கு எதிரான வாதம் என்ன என்பதை அடிக்குறிப்பில் தர வேண்டும். தியோபால்டுக்கு ஆய்வுரையில் இடம் உண்டு, படத்தில் இல்லை. அச்சுத் தொகுதியின் பெயர் அட்டவணையோடு நின்றுவிடாமல், கெல்சோ, மரே சாசனங்களின் சாட்சிப் பட்டியலை முழுமையாக, மூல வரிசையிலேயே எடுத்தெழுதி அனுப்புங்கள். யாருக்கு அடுத்து யார் நிற்கிறார் என்பதிலிருந்தே இந்த ஆய்வு இன்னும் ஓர் அடி நகர முடியும்.