வாளைத் துறந்தவர்களும் நாமும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து மீலாத் மேடைகளிலும் மதநல்லிணக்கக் கூட்டங்களிலும் அமர்ந்து பழகிய நமக்கு இரண்டு பேச்சுகள் மனப்பாடமாகிவிட்டன. ஒன்று, கிறிஸ்தவ நண்பர் கூறுவது: தங்கள் முன்னோர் முந்நூறாண்டுகள் வாளைத் தீண்டவில்லை, இஸ்லாமோ வாளோடு பிறந்தது என்பது. மற்றொன்று, அதற்கு நம் பேச்சாளர் வீசும் மறுமொழி: அந்த முன்னோர் கோழைகள், வலிமை வந்ததும் சிலுவைப்போர் நடத்தியவர்கள் என்பது. உடனே தக்பீர் முழங்குகிறது. இரண்டுமே வரலாறல்ல. முன்னதை மறுப்பது எளிது. பின்னதைக் கண்டிப்பதே நமக்குக் கடமை. அது நம் வீட்டுக் குற்றமன்றோ?

முன்னதை விரைவில் முடித்துவிடுவோம். கி.பி. 197 அளவில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் தம் சமயத்துக்காக வாதாடியபோது, ரோமானியரின் பாளையங்களிலும் கிறிஸ்தவர்கள் நிறைந்திருப்பதைப் பெருமையாகவே எடுத்துரைத்தார். ஆகவே ஒருவருமே படையில் சேரவில்லை என்பது பொய். இஸ்லாம் வாளோடு பிறந்தது என்பதும் அவ்வாறே. மக்கத்தில் பதின்மூன்றாண்டுகள் நம் பெருமானாரும் (ஸல்) தோழர்களும் அடிபட்டனர். திருப்பி அடிக்க அனுமதி இல்லை. சுமைய்யா (ரலி) அன்னையார் அபூஜஹ்லின் கையால் உயிர் நீத்தார். போருக்கு அனுமதி வந்தது வீடு வாசல்களிலிருந்து விரட்டப்பட்ட பின்னரே. அவ்வனுமதியை உரைக்கும் ஹஜ் அத்தியாயமே, பள்ளிவாசல்களோடு மடங்களும் மாதாகோவில்களும் யூதரின் ஆலயங்களும் காக்கப்பட வேண்டியவை என்பதையும் சேர்த்துரைக்கிறது. இதைச் சொல்லாமல் நம் பேச்சாளர் சிலுவைப்போருக்குத் தாவுவானேன்?

இனி அந்தக் "கோழைகள்" யாவர் என்று பார்ப்போம். அதே தெர்த்துல்லியன், 211 அளவில், ஒரு படைவீரனைப் பற்றித் தனி நூலே எழுதினார். பேரரசரின் கொடை வழங்கும் நாளில் எல்லா வீரரும் தலையில் இலைமுடி தரித்து நின்றனர். அவன் மட்டும் அதைக் கையில் வைத்திருந்தான். தான் கிறிஸ்தவன், அம்முடியை அணியலாகாது என்றான். சிறை புகுந்தான். 295 மார்ச் 12இல், இன்றைய அல்ஜீரியாவின் தெபஸ்ஸாவில், மக்ஸிமிலியன் என்னும் இருபத்தொரு வயது இளைஞன் படைக்கான ஈயமுத்திரையைக் கழுத்தில் அணிய மறுத்தான். பேரரசரின் மெய்க்காவற்படையிலேயே கிறிஸ்தவர் உள்ளனரே என்று ஆளுநர் எடுத்துக்காட்டினார். அவர்களுக்குத் தக்கதை அவர்கள் அறிவர், தனக்கு இது ஆகாது என்றான். தலை வெட்டப்பட்டது. மூன்றாண்டு கழித்துத் தாஞ்சியரில் மர்செல்லஸ் என்னும் நூற்றுவர் தலைவர் தம் படைக்கச்சையைக் கழற்றி எறிந்து அதே முடிவை எய்தினார். இவர்களையா கோழைகள் என்பது?

அவர்கள் மறுத்தது சிலைவழிபாட்டையா, இரத்தம் சிந்துவதையா என்று ஆய்வாளர் வாதிடுகின்றனர். நம்மவர் சிலர் முதற் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, இது தவ்ஹீது" என்று மகிழ்கின்றனர். அரைக் கிதாபைப் படித்த மகிழ்ச்சி அது. ஈஸா நபியின் சீடரிடமிருந்து வாள் பறிக்கப்பட்டபோதே எல்லாப் படைவீரரின் வாளும் பறிக்கப்பட்டதாகத் தெர்த்துல்லியன் வாதிட்டார். பேரரசுக்காகத் தாங்கள் வாளால் அன்றித் துஆவினால் போராடுவதாக 248 அளவில் ஒரிஜன் விடை தந்தார். இரு காரணங்களும் பின்னிக் கிடக்கின்றன. அவ்வுறுதி பின்னர்த் தளர்ந்ததும் உண்மையே. கான்ஸ்டன்டைன் அரசேறியபின், 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள், அமைதிக் காலத்தில் ஆயுதத்தை எறிவோரைச் சபையினின்றும் விலக்கினர். மக்ஸிமிலியன் இறந்து இருபதாண்டு கூட ஆகவில்லை! அரியணைக்கு அருகில் அமர்ந்தவுடன் மார்க்க அறிஞரின் நாக்கு மாறுவதைக் கண்டு நகைக்குமுன், நம் கிலாஃபத்துகளின் ஏடுகளையும் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும் நம் பேச்சாளர்.

இந்த ஏளனம் நம் முன்னோர் மேலேயே விழுவதுதான் நமக்குப் பெருந்துயரம். 1806இல் வேலூரில் என்ன நடந்தது? தாடிக்கும் கடுக்கனுக்கும் நெற்றிக்குறிக்கும் தடை விதித்து, தோற்சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகையைத் திணித்தது கும்பினிப் படை. மறுத்த முஸ்லிமும் இந்துவும் சவுக்கடிபட்டு வெளியேற்றப்பட்டனர். ஜூலை 10இல் கோட்டையே எரிமலையாயிற்று. தெர்த்துல்லியன் எழுதிய வீரன் இலைமுடியை மறுத்தான், வேலூர்ச் சிப்பாய் தலைப்பாகையை மறுத்தான். ஒருவனைக் கோழையென்றும் மற்றவனை வீரனென்றும் எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

1921 ஜூலையில் கராச்சி கிலாஃபத் மாநாடு, ஆங்கிலேயரின் படையில் பணிபுரிவது முஸ்லிமுக்கு ஹராம் என்று தீர்மானித்தது. மௌலானா ஹுஸைன் அஹ்மது மதனீயும் அலீ சகோதரர்களும் அதற்காக ஈராண்டுச் சிறை ஏற்றனர். மௌலானா முஹம்மதலீ கைதானது, காந்தியாரோடு சென்னைக்குப் பயணம் வந்தபோது, வால்டேர் நிலையத்தில். காந்தியார் பயணத்தைத் தொடர்ந்து திருச்சி வந்தார்; செப்டம்பர் 22இல் நமக்கு அண்டையிலுள்ள மதுரையில் அரையாடைக்கு மாறினார். அவ்வரசின் கீழ்ப் பணி, எவராயினும், பாவமே என்று அதே மாதம் எழுதினார். 1922 மார்ச்சில் அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்த வழக்கில் அக்கட்டுரையும் ஒரு குற்றச்சாட்டு.

கராச்சியார் எல்லாப் போரையும் விலக்கியவரல்லர். மக்ஸிமிலியனும் அவர்களும் ஒன்றே என்று நாம் சாதிக்கவில்லை. எனினும், அரசாணைக்கும் இறையாணைக்கும் இடையே நின்று "இயலாது" என்று கூறும் நெஞ்சுரம் இருவருக்கும் பொது. அதை இகழ்பவர் மதனீயை எந்த முகத்தோடு புகழ்வார்?

கந்தகமும் வெடியுப்பும் நடுவே வாழ்பவர்கள் நாம். சிவகாசியின் மருந்து அறைகளில் மூன்று சமயத்தாரும் அருகருகே அமர்ந்து வேலை செய்கின்றனர். ஒருவர் கை தவறினால் மூவர் வீட்டிலும் மையித்து. அப்படி உடனமர்ந்து உழைப்பவரின் தியாகிகளை மேடையேறி இகழ்வது, மார்க்கம் இருக்கட்டும், மனித மரியாதையாகுமா? அடுத்த மீலாத் மேடையில் இந்த ஏளனம் எழுமாயின், கூட்டத் தலைவர் தயங்காமல் மணியடித்துப் பேச்சாளரை அமரச் செய்யட்டும்.