வார்னிங் தானே... விடு பாஸ்!

பில்டு முடிஞ்சு "எரர் 0, வார்னிங் 412"னு வந்தா, எரர் இல்லையேன்னு டீ குடிக்கக் கிளம்பிடறது நம்மாளுங்க வழக்கம். என் கட்சி வேற: வார்னிங்கும் பூஜ்யமா இருக்கணும். 412 கிடக்கிற இடத்துல 413-வது வந்து சேர்ந்தா யார் கண்ணுக்குத் தெரியும்? அந்த 413-வதுதான் ஒருநாள் ஆளைக் கவிழ்க்கும்.

சும்மா பயமுறுத்தலைங்க. 2014 பிப்ரவரியில் ஆப்பிளோட எஸ்எஸ்எல் கோடுல வெளிவந்த ஓட்டை ஞாபகம் இருக்கா? "கோட்டூ ஃபெயில்"ங்கிற வரி அடுத்தடுத்து ரெண்டு தடவை இருந்தது. ரெண்டாவது, பார்க்க இஃப்புக்குள்ள இருக்கிற மாதிரி இருந்தாலும் உண்மையில் வெளியே. விளைவு, சர்வரோட டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கிற பகுதி ஓடவே இல்லை. "இந்தக் கோடு ஓடவே ஓடாது"ன்னு சொல்ற வார்னிங் கிளாங் கம்பைலர்ல அப்பவே இருந்தது. என்ன, தனியாக் கேட்டாத்தான் சொல்லும்! ஜிசிசியில், இப்படி ஏமாத்துற இன்டென்டேஷனைக் காட்டிக்கொடுக்கிற வார்னிங் 2016-ல்தான் வந்தது.

அதுக்காக வார்னிங்கோட வாயைப் பொத்தினாப் போதும்னு நினைச்சிடாதீங்க. அது இன்னும் ஆபத்து. 2006-ல் டெபியன்ல, வால்கிரைண்ட்ங்கிற கருவி புகார் சொல்லுதுன்னு ஓபன்எஸ்எஸ்எல் கோடுல ரெண்டு வரியை கமென்ட் ஆக்கினாங்க. ரேண்டம் எண்ணுக்கு ஆதாரமா மிஞ்சினது ப்ராசஸ் ஐடி மட்டும்தான். அதாவது 32,768-க்கு மேல போகாது. 2008 மே மாசம் விஷயம் வெளியே வந்தப்ப, ரெண்டு வருஷமா உருவாக்கின சாவிகளைத் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு.

சரி, என்னதான் செய்யறது? வார்னிங்கை எல்லாம் எரர் ஆக்கற "டபிள்யூ-எரர்" ஆப்ஷனைப் போடுங்க. ஆனா உங்க சிஐ சர்வர்ல மட்டும், கம்பைலர் வெர்ஷனை மாறாம நிறுத்திவச்சுப் போடுங்க. சோர்ஸோட சேர்த்து ஊருக்கே அனுப்பாதீங்க. நாளைக்குப் புது ஜிசிசி புது வார்னிங்கோட வரும். சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பில்டு நின்னுடும். 2021 செப்டம்பர்ல லினஸ் டோர்வால்ட்ஸே இதை லினக்ஸ் கர்னல்ல எல்லாருக்கும் போட்டுட்டு, சில நாள்லயே சோதனை பில்டுகளுக்கு மட்டும்னு சுருக்கிட்டார்.

பழைய 412-ஐ ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டாம். ஒவ்வொரு வகையா எடுங்க. அந்த வகை தீர்ந்ததும் அதை மட்டும் எரர் ஆக்கிப் பூட்டுங்க. மறுபடி உள்ளே வராது.

ஒவ்வொரு வார்னிங்கையும் படிச்சு, புரிஞ்சுக்கிட்டு, அப்புறம் திருத்துங்க. புரியலைன்னா கை வைக்காம பக்கத்து சீட்டுக்காரரைக் கேளுங்க. டீ எங்கேயும் ஓடிப் போகாது :-)