கக்குவதும் அழுவதும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். "சார், ஆங்கிலத்தில் 'காஃப் அப்' என்கிறார்கள். மனசில்லாமல் பணம் கொடுப்பதற்கும் அதுதான், மறைத்த விஷயத்தைச் சொல்வதற்கும் அதுதான். இரண்டுக்கும் எப்படி ஒரே சொல்? தமிழில் இதற்கு என்ன சார்?"

நல்ல கேள்வி. 'காஃப் அப்' என்றால் இருமி வெளியே தள்ளுவது. தொண்டையில் சிக்கியது லேசில் வராது அல்லவா? பணத்துக்கு இன்னும் சில சொற்கள் உண்டு. 'ஷெல் அவுட்' என்றால் தோட்டை உடைத்துப் பருப்பை எடுப்பது, நாம் மல்லாட்டை உரிக்கிற மாதிரி. 'ஃபோர்க் அவுட்' என்பதும் அந்த வகைதான். 'ஸ்பிட் இட் அவுட்' என்றால் வாயில் வைத்திருக்கும் விஷயத்தைத் துப்பு என்று அர்த்தம்.

தமிழ் இதில் ஏழை இல்லை. 'கக்கு' என்ற நம் சொல் இரண்டுக்கும் பொருந்தும். "உண்மையைக் கக்கிவிட்டான்" என்கிறோம், "தின்ற பணத்தைக் கக்க வைத்தார்கள்" என்றும் சொல்கிறோம். வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் 'கற'. பணத்தையும் கறக்கலாம், விஷயத்தையும் கறக்கலாம். இவை தவிர ஒரு துணைவினை இருக்கிறது, 'தொலை'. "கொடுத்தேன்" என்பதற்கும் "கொடுத்துத் தொலைத்தேன்" என்பதற்கும் எவ்வளவு தூரம்! "சொல்", "சொல்லித் தொலை" என்பதும் அப்படியே. மனக்கசப்பு முழுவதையும் ஒரே துணைவினையில் அடக்கிவிடுகிறோம்.

ஆனால் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடக்கும் ஒரு விஷயத்தைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கக்குவது வேறு, அழுவது வேறு. "வட்டி அழுகிறேன்", "தண்டம் அழுதேன்" என்கிறோம். அழுகிறவன் கையிலிருந்து போனது அவனுடைய சொந்தப் பணம். போயிருக்கக் கூடாது, போய்விட்டது. கக்குகிறவன் கதை நேர் எதிர். அவன் வயிற்றுக்குள் இருந்தது அவனுடையதே அல்ல. உள்ளே போயிருக்கவே கூடாது. ஒருவர் மனசில்லாமல் கொடுத்தார் என்று சொன்னால் போதாது, அவர் அழுதாரா கக்கினாரா என்று கேட்க வேண்டும். நியாயம் எந்தப் பக்கம் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இப்போது நம் அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பட்டா நகல், ஒரு சான்றிதழ், ஒரு மனுவின் நிலவரம். இவை பொதுமக்களின் தகவல்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவற்றைக் காத்து வைத்திருப்பவர், அவ்வளவுதான். ஆனால் அவர் கக்க மறுக்கிறார், நாம் அழுகிறோம். "டீ செலவுக்கு ஏதாவது கொடுத்துத் தொலையுங்கள், வேலை முடியட்டும்" என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்கிறார்கள்.

இதைப் பற்றி யோசிக்கும்போது தொல்காப்பியம் நினைவுக்கு வரும். கேட்பதற்கு அதில் மூன்று சொற்கள் உண்டு. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் 'ஈ', ஒத்தவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. நம் ஜனங்கள் அலுவலக வாசலில் நின்று இன்னமும் 'ஈ' என்றுதான் கேட்கிறார்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் அலுவலகத்தில், நம்முடைய தகவலை, 'தா' என்று நிமிர்ந்து கேட்க நமக்கு வாய் வரவில்லை.

அப்படிக் கேட்டவர்கள் ராஜஸ்தான் கூலித் தொழிலாளர்கள். 1990களில், அரசு வேலைகளில் தங்கள் கூலிக் கணக்கை எழுதி வைத்த மஸ்டர் ரோலைக் காட்டு என்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பின் கீழ் திரண்டு கேட்டார்கள். 1994 டிசம்பரில் தொடங்கி ஊர் ஊராகப் பொது விசாரணை வைத்து, கிடைத்த கணக்கை உரக்கப் படித்தார்கள். அதில் வேலைக்கு வராதவர் பெயரெல்லாம் இருந்தது. பிற்பாடு சில ஊராட்சித் தலைவர்கள் எடுத்த பணத்தை ஊர் முன்னாலேயே திருப்பிக் கொடுத்தார்கள். தகவலைக் கக்க வைத்தால் பின்னாலேயே பணமும் வரும். என் மாணவர் கேட்ட "எப்படி ஒரே சொல்?" என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் போராட்டத்தின் பலன்தான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். (தமிழ்நாடு 1997இலேயே தனியாக ஒரு சட்டம் போட்டது.) 10 ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில். ஏன் கேட்கிறாய் என்று உங்களைக் கேட்க முடியாது. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு அலுவலகத்தில் என் பணிப்பதிவேட்டின் ஒரு பக்கம் "கிடைக்கவில்லை" என்றே பல மாதம் சொன்னார்கள். பத்து ரூபாய் மனு போன பிறகு கெடு முடிவதற்குள் கிடைத்துவிட்டது! டீ செலவு எதுவும் நான் அழவில்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விவரங்களை மார்ச் 6க்குள் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கச் சொன்னது. பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மார்ச் 11 அன்று மறுத்து, மறுநாளே கொடு என்றது. மாதக்கணக்கில் ஆகும் என்ற வேலை ஒரே நாளில் முடிந்தது. அப்போதும் பத்திர எண்கள் வரவில்லை. மீண்டும் நீதிமன்றம் கண்டித்த பிறகு மார்ச் 21 அன்றுதான் அவை வந்தன. இதற்குத் 'தகவல் வழங்கியது' என்றா எழுதுவது? வழங்குவது வள்ளல்கள் செய்வது. இது தவணை முறையில் கக்கியது.

நம் திருநாவலூரில் பிறந்த சுந்தரர் இந்த வித்தையெல்லாம் அறிந்தவர். திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம். எடுத்த பொன்னை அப்படியே மடியில் கட்டிக்கொள்ளவில்லை. உரைத்துப் பார்த்தார். மாற்று குறைந்திருந்தது. சரியாகும் வரை பாடினார். தோழன் என்ற உரிமையில் கேட்டவர், கொடுத்தவர் கடவுளே ஆனாலும் சரிபார்த்தார். இன்னொன்று, அவர் திருமணத்தில் வம்பு பண்ண வந்த முதியவர். கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டாலும் அவர் கலங்கவில்லை. அது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருந்தது. மனு கொடுக்கும் பிள்ளைகளே, நகலும் ரசீதும் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். வந்த பதிலை உரைத்துப் பாருங்கள்.

"சார், வேலையில்லாதவன் எல்லாம் மனு போட்டு எங்களைக் கொல்கிறான்" என்று அரசு வேலையில் இருக்கும் என் மாணவர்கள் சொல்வார்கள். அதற்கென்றே மனு எழுதும் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, அடிப்படைத் தகவல்களை யாரும் கேட்காமலே நீங்களாகவே வெளியிட வேண்டும் என்கிறதே! பலகையிலும் இணையத்திலும் போட்டுவிட்டால் பாதி மனு வராது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் முன்னால் ஒரு பெரியவர் கைகட்டி நின்று 'ஈ' என்று கேட்கும் நிலையை வைக்காதீர்கள். அவரை அழவைத்த பிறகு கொடுப்பது கொடுப்பதே அல்ல. இந்தப் பக்கம் நிற்கும் உறவுகளுக்கு ஒன்று. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் 'தா' என்று கேளுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு வேறு சொல் இருந்தால் கீழே எழுதுங்கள். மனசோடு எழுதுங்கள், கறக்க வைக்காதீர்கள்!