அரசு வழக்கறிஞர் யார் பக்கம்?

கோவிந்த் நிஹலானி இயக்கி 1980இல் வெளிவந்த 'ஆக்ரோஷ்' என்ற இந்திப் படத்தை நம் மாணவர்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். மனைவியைக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் பழங்குடித் தொழிலாளி லஹான்யா (ஓம் பூரி) வாயே திறப்பதில்லை. அவருக்காக வாதாட அரசு நியமித்த இளம் வழக்கறிஞர் பாஸ்கர் (நசீருதீன் ஷா) சட்டத்தை முழுதாக நம்புகிறவர். உண்மையைத் தேடிக் குடிசைகளுக்கே போகிறார். அந்தப் பெண்ணைச் சீரழித்துக் கொன்றவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். அவர்களோடு உட்கார்ந்து சீட்டாடுகிறவர்தான் அரசுத் தரப்பு வழக்கறிஞர் துசானே (அம்ரீஷ் பூரி).

துசானேவும் பழங்குடியில் பிறந்தவர். நம்மை உறுத்துவது இதுதான். 'நம்ம ஆள் ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்' என்று பேசியே பழகிவிட்டோம். உட்கார்ந்தவரை அந்தச் சீட்டாட்ட மேசை எப்படித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று படம் காட்டுகிறது. அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. கிடைத்த இடம் போய்விடுமோ என்ற பயம் முகத்திலேயே தெரிகிறது. லஹான்யாவின் குரல் கடைசியில் எப்படி வெடிக்கிறது என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

அப்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிடையாது. அது 1989இல்தான் வந்தது. அதன் 1995ஆம் ஆண்டு விதிகளில் 4(5) என்ற உட்பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால், தேர்ந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் நியமித்துக் கட்டணமும் கொடுக்கலாம். 'கொடுக்கலாம்' என்றுதான் விதி சொல்கிறது, கேட்காமல் கிடைக்காது. ஜாமீன் மனு உட்பட விசாரணைத் தேதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமையும் சட்டத்தின் 15அ பிரிவில் உண்டு.

யார் வழக்கை நடத்துகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு நம் கண் முன்னே இருக்கிறது. 2015இல் கொலை. முக்கிய சாட்சியே பிறழ்சாட்சியானார். தாயின் விடாத போராட்டத்தால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா.மோகன் நடத்தினார். 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று மதுரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எல்லாத் தாய்க்கும் இது தெரிந்திருக்காது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதித் தரும் நம் பிள்ளைகள், ஊரில் வன்கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் விதி 4(5)ஐக் குறிப்பிட்டு அந்தக் குடும்பத்துக்கும் ஒரு மனு எழுதித் தர வேண்டும். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறந்துவிடாதீர்கள்.