பூங்கா பார்த்த ஃபிளாட்: ஒன்றேகால் குழிக்கு எத்தனை கோடி?

"பால்கனியில நின்னா பூங்கா முழுசா தெரியும்ப்பா. காலையில கிளிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கணும்."

சென்னையிலிருந்து மகன் இப்படிச் சொன்னால், பிள்ளையார்குப்பத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கிளிச் சத்தத்துக்கு அவர் இதுவரை காசு கொடுத்ததில்லை. ஆனால், மகனின் அடுத்த வரி சிரிக்கிற விஷயமில்லை. "ரோட்டோரம் இருக்கிற நம்ம நிலத்தைக் கொடுத்துட்டா, மீதிக்கு லோன் போட்டுக்கலாம்."

கடலூர் சாலையில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அந்தப் பக்கத்து நிலத்துக்குத் தனி மவுசு. பிள்ளைகளோ படித்து முடித்ததும் சென்னை, பெங்களூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இப்படியொரு பேச்சு எந்த வீட்டிலும் எழலாம். எழுந்தால், 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சென்னையில் பூங்காவை ஒட்டிய வீடு என்றால் சும்மா இல்லை. கதீட்ரல் சாலையில், ஒரு காலத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. அதன் எதிரிலேயே 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. ராஜா அண்ணாமலைபுரம் பக்கம், குப்பை கொட்டிக்கிடந்த அடையாறு கழிமுகத்தைச் சீரமைத்து 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தார்கள். மொத்தம் 58 ஏக்கர். போட் கிளப், ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் எல்லாம் இந்தப் பச்சையைச் சுற்றித்தான். அங்கே சொகுசு ஃபிளாட் என்றால் விலை கோடிகளில்தான் ஆரம்பிக்கும்.

சரி, அந்தக் கோடிகளுக்குக் கைக்கு வருவது என்ன?

ஓர் உதாரணத்துக்கு, விளம்பரத்தில் 1,800 சதுர அடி என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 'சூப்பர் பில்ட்-அப்' கணக்காக இருந்தால் லிஃப்ட், மாடிப்படி, வரவேற்பு ஹால், ஜிம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதற்குள் அடக்கம். வீட்டுக்குள் பாய் விரிக்கக்கூடிய இடம்தான் 'கார்ப்பெட் ஏரியா'. அது 1,260 சதுர அடியாக இருக்கலாம். 2016-ல் வந்த ரெரா சட்டப்படி இந்த அளவைத்தான் பில்டர் சொல்ல வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரெரா கணக்கில் பால்கனி கார்ப்பெட் ஏரியாவில் சேராது. கிளி பார்க்க எந்த இடத்துக்கு ஆசைப்பட்டாரோ, அந்த இடம் தனிக்கணக்கு!

அப்பாவுக்குப் புரியும் பாஷையில் சொன்னால், கேட்க வேண்டியது யுடிஎஸ். அதாவது, கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் பெயருக்கு எழுதப்படும் பிரிபடாத பங்கு. நம் உதாரண வீட்டுக்கு அது 720 சதுர அடி என்று வைப்போம். புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி. ஆக, ஒன்றேகால் குழி. "அம்பது குழியை வித்து ஒன்னேகால் குழி வாங்கவா?" என்று அவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சென்னையின் ஒன்றேகால் குழியும் ஊரின் ஒன்றேகால் குழியும் ஒன்றல்ல என்று மகன் வாதாடலாம். அதுவும் நிஜம்தான். ஆனால், கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகும். விலை ஏறுவது மண்ணுக்குத்தான். 30, 40 வருஷம் கழித்து இடித்துக் கட்டும்போது பேரம் நடப்பதும் இந்தப் பங்கை வைத்துத்தான். தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய அது வழிவிடுகிறது. மீதிப் பேரில் நீங்கள் இருந்தாலும் வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டும்.

அடுத்து, பூங்கா. பிரோஷரில் 'உங்களுக்கே உங்களுக்கான பூங்கா' என்று இருந்தால் அது யாருடைய நிலம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் உள்ள மனையில் கட்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் வரும் பூங்கா ஊருக்கே பொது. கேட் போட்டு செக்யூரிட்டியை நிறுத்திவிட்டால் அது குடியிருப்பின் சொத்தாகிவிடாது.

ஜன்னல் காட்சிக்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. பூங்காவுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பழைய வீடு இருந்தால், நாளை அங்கேயும் பத்து மாடி எழும்பலாம்.

தண்ணீர் ஓரம் என்றால் இன்னும் ஜாக்கிரதை. கொச்சி அருகே மரடில் காயலைப் பார்த்து நின்ற நான்கு சொகுசுக் குடியிருப்புகள் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதாக உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அது. வாங்கியவர்கள் கையில் பத்திரம் இருந்தது, வரி ரசீது இருந்தது. வீடு சில நொடிகளில் போனது.

மாதச் செலவைப் பார்ப்போம். பராமரிப்பு சதுர அடிக்கு 6 ரூபாய் என்றால், 1,800 சதுர அடிக்கு 10,800 ரூபாய். பராமரிப்புத் தொகை மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஒரு கோடி ரூபாய் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில், 20 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 86,800 ரூபாய். இரண்டு கோடி ரூபாய் வீட்டில் வாடகைக்கு இருந்தால்? ஆண்டு வாடகையை விலையில் 3 சதவீதம் என்று வைத்தால் மாதம் 50,000. நிலமும் ஊரில் அப்படியே இருக்கும்.

லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களில் யார் எதிர் ஃபிளாட்டிலிருந்து வந்தவர், யார் நான்கு தெரு தள்ளி ஒற்றை அறையிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடிப்பது சிரமம். நடைபாதை எல்லோருக்கும் ஒன்றுதான்.

மகன் வாங்குவதே தப்பு என்பதல்ல இது. இரண்டு சம்பளம் வருகிறது, பேரப்பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, கடன் தாங்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். நிலத்தை விற்றுத்தான் வாங்க வேண்டும் என்றால் மட்டும் இன்னொரு கேள்வி பாக்கி. புது வீட்டில் அப்பா, அம்மாவுக்கு அறை உண்டா, அவர்கள் வந்து தங்குவார்களா? 14-வது மாடியில் அம்மாவுக்குக் கோலம் போட வாசல் கிடையாது. பக்கத்து ஃபிளாட் கதவு திறக்கிற நேரமும் தெரியாது. பூங்காவுக்கு இறங்கக்கூட லிஃப்ட் பட்டன் பழக வேண்டும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண், வில்லங்கச் சான்று, பத்திரத்தில் யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்ற மூன்றையும் பாருங்கள். கடைசி எண்ணை 576-ஆல் வகுத்து, அப்பாவிடம் குழிக்கணக்கில் சொல்லுங்கள்.